பொத்தானை விடாத மாப்பிள்ளை

சிவகுருநாதனுக்கு வாய் ஓயாது. இதை அவனே ஒத்துக்கொள்வான். ஒத்துக்கொள்ளவும் முக்கால் மணி நேரம் எடுப்பான். ஊரில் அவன் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால், நெல்லியடி வருவதற்குள் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். எண்பத்து நான்கில் பிராங்பேர்ட்டில் வந்து இறங்கியபோது குளிரையும் அவன் தாங்கிக்கொண்டான், முகாம் சாப்பாட்டையும் தாங்கிக்கொண்டான். கதைக்க ஆள் இல்லாததுதான் அவனைப் பிடித்து உலுக்கியது. ஜெர்மன்காரரின் டொச் மொழி தெரியாதவன் எத்தனை நாளைக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான்?

அகதி வழக்கு வென்று, வேலையும் கிடைத்து, ஓட்டுநர் சோதனையில் மூன்றாம் முறை தேறியதும் அவன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். பொலிஸ்காரர் ஓடிக் கழித்துவிட்ட பெரிய வெள்ளை வண்டி. முன்னால் காற்றை மறிக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், பெற்றோல் தாங்கியின் மேல் பொலிஸ் ரேடியோவைக் கழற்றிய வெறும் இடம். அந்த வெறும் இடத்தைக் கண்டுதான் வண்டியையே வாங்கினான் என்று சொல்ல வேண்டும். அடுத்த கிழமையே அதில் ஒரு சி.பி. ரேடியோவைப் பூட்டிவிட்டான்.

லொறிச் சாரதிகள் ஓடிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் கதைப்பார்களே, அந்த ரேடியோ. பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் அதே அலைவரிசைச் சனலில் இருக்கிற எவரும் கேட்கலாம். அவனுடைய ஹெல்மெட்டுக்குள் வாய்க்கு ஒரு மைக், காதுக்கு ஒரு ஸ்பீக்கர், கைப்பிடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் நாம் கதைக்கலாம். விட்டால்தான் மற்றவர் கதைப்பது கேட்கும். இதில் இரண்டாவது பாதியைச் சிவகுருநாதன் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. சனலில் தனக்கு ‘கப்பித்தான்’ என்று பெயரும் வைத்துக்கொண்டான். எந்தக் கப்பல் என்று ஒரு லொறிக்காரன் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, மறுமொழி முடியுமுன்னே வேறு சனலுக்கு ஓடிவிட்டான்.

எண்பத்தாறு கோடையில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் சுந்தரேஸ்வரி, மன்ஹைமில் தமையன் இராசலிங்கத்தின் வீட்டில் இருந்தாள். சிவகுருநாதன் தன்னைப் பற்றித் தானே கடிதம் எழுதினான். ‘விமான நிலையத்தில் பொறுப்பான உத்தியோகம்’ என்று எழுதினான். விமானங்களில் இருந்து இறங்கும் சாப்பாட்டுத் தட்டுகளை மிச்சம் மீதி வழித்துக் கொட்டிக் கழுவும் இயந்திரத்துக்குள் அடுக்குவதுதான் அந்த உத்தியோகம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தட்டு வரும். பொறுப்பு இல்லை என்று யார் சொன்னது? கடிதத்தோடு ஒரு படமும் போனது. ஏழு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் எடுத்த படம். அதில் இருந்த தலைமயிரில் பாதி இப்போது இல்லை, மீதியும் புறப்படுகிற அவசரத்தில் நின்றது.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். பெரியவர்களாக முருகேசு அண்ணையும் அவர் மனைவி மங்கையற்கரசி அக்காவும் காரில் பலகாரத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் மோட்டார் சைக்கிளில். காரில் போய் இறங்கினால் ஆர் பார்ப்பது என்பது அவன் கேள்வி. வழியில் கதைக்க ஆள் வேண்டுமென்று அண்ணையின் காரிலும் ஒரு சி.பி. ரேடியோவை அவனே பூட்டிக் கொடுத்திருந்தான்.

“தம்பி, இராசலிங்கத்தின்ரை வீட்டிலையும் இந்த ரேடியோ இருக்காம்,” என்றார் முருகேசு புறப்படும்போது. “அங்கத்தைத் தமிழ்ச் சனம் எல்லாம் இதிலைதான் கதைக்கிறவையாம். கிட்டப் போனதும் எங்கடை சனலிலையே வழி சொல்லுறன் எண்டவர்.”

சிவகுருநாதன் அப்போது எஞ்சினை முறுக்கிக்கொண்டு, எண்ணெய் மாற்றியதைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

டார்ம்ஸ்டாட் தாண்டியதும் வெட்டவெளி, நேர் றோட்டு. பொத்தானை அழுத்தி அழுத்திப் பெருவிரல் நோகத் தொடங்கியது. மன்ஹைமுக்குக் கொஞ்சம் முன்னால் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் அவனுக்கு ஓர் அருமையான யோசனை வந்தது. சட்டைப் பையில் கறிவேப்பிலைக் கட்டிலிருந்து கழற்றிய ரப்பர் வளையம் ஒன்று கிடந்தது. அதைப் பொத்தானின் மேல் இறுக்கிச் சுற்றிவிட்டான். இனி விரலே வேண்டாம். கதைத்துக்கொண்டே போகலாம்.

“முருகேசண்ணை, உங்களுக்கு மட்டும் ஒரு உண்மை சொல்லுறன்,” என்று தொடங்கினான். “தமிழிலை சொன்னால் இஞ்சை எந்த வெள்ளைக்கு விளங்கப்போகுது? அந்தப் பொறுப்பான உத்தியோகம் சுத்தப் பொய். நான் தட்டுக் கழுவுறன், அண்ணை. கடிச்ச பாண் ஒரு வாளியிலை, உருகின வெண்ணெய் இன்னொரு வாளியிலை. தலையும் வெளிச்சுப்போச்சு. ஹெல்மெட்டைக் கழட்டாமல் எவ்வளவு நேரம் இருக்கலாம் எண்டு யோசிக்கிறன். தேத்தண்ணி தந்தால் என்ன செய்யிறது? அந்தத் தமையன்காரன் வேறை ஒரு சிடுமூஞ்சியாம்.”

முருகேசுவிடமிருந்து மறுப்பே வரவில்லை. இவ்வளவு பொறுமையாக ஒருவர் கேட்பது சிவகுருநாதனுக்குப் புது அனுபவம். அந்த உற்சாகத்தில் மனதில் கிடந்ததும் வெளியே வந்துவிட்டது.

“எனக்குப் பயமாக் கிடக்கு, அண்ணை. எத்தினை நாளைக்கு இந்த ஊறின கையை ஒளிக்கிறது? உண்மையைச் சொன்னால் வேண்டாம் எண்டுவினம். திரும்பவும் அந்த ஒற்றை அறைக்குப் போய்ச் சுவரோடை கதைக்கவேணும்.”

பின்னால் வந்த கார் விளக்கை வெட்டி வெட்டிக் காட்டியது. ஆமோதிக்கிறார் என்று நினைத்தான். கார் அவனை முந்தியது. மங்கையற்கரசி அக்கா கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் விசிறினார். அவனும் சந்தோஷமாகக் கை காட்டினான். கடைசியில் முருகேசு காரை ஓர் ஓய்விடத்துக்குள் திருப்பினார். இவனும் பின்னாலே போய் நின்றான், வாயை நிறுத்தாமல்.

முருகேசு ஓடி வந்து ரப்பர் வளையத்தைப் பிடுங்கி எடுத்தார். உடனே சிவகுருநாதனின் காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

“சிடுமூஞ்சி கதைக்கிறன். முருகேசண்ணை, பத்து நிமிசமா வீட்டிலை எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறம். மாப்பிள்ளையை அப்பிடியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. அட மொக்கா, உலகத்தில் தட்டுக் கழுவுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை ஏரியல் வைத்துப் பெண் வீட்டுக்கு ஒலிபரப்பியவன் நீ ஒருவன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். திரும்பிப் போவதற்கு வண்டியைத் தள்ளினான். அப்போது காதுக்குள், “அண்ணை, அந்த மைக்கை என்னட்டைத் தாங்கோ,” என்று ஒரு பெண்குரல் கேட்டது.

“நான் சுந்தரேஸ்வரி கதைக்கிறன். பொத்தானிலை கை வையாதேங்கோ,” என்றாள். “தட்டைப் பற்றிக் கதைச்சியள், தலைமயிரைப் பற்றிக் கதைச்சியள், அண்ணையின்ரை முகத்தைப் பற்றியும் கதைச்சியள். என்னைப் பற்றி ஒரு சொல்லுக் கேட்டியளோ?”

கேட்கவில்லை. பெண் பார்க்க வருகிறவன் பெண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் தலை குனிந்தான்.

“நான் ஊரிலை நாலு வருசம் கணக்குப் படிப்பிச்சனான். இஞ்சை வந்து எட்டு மாசம். நான் சமைக்கிற இந்தக் குசினியும் பால்கனியும்தான் கண்டது. பொறுப்பான உத்தியோகக்காரர் கட்டிக்கொண்டுபோய் இன்னொரு குசினியிலை விடுவார் எண்டு நினைச்சு நேற்று முழுக்க அழுதனான்.” பிறகு அவள் கேட்டாள்: “நீங்கள் தட்டுக் கழுவுற இடத்திலை பொம்பிளையளையும் வேலைக்கு எடுக்கினமோ?”

சிவகுருநாதனின் வாய்க்குள் எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது: எதிர்வரிசையில் நிற்கும் துருக்கிப் பெண்கள், காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், கையுறையின் அளவு, மேற்பார்வைக்காரியின் குணம். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அவன் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

“ஓம், எடுக்கினம்,” என்றான்.

அவள் இன்னும் ஏதாவது சொல்லக்கூடும் என்று உடனே விரலை எடுத்தான்.