எக்ஸ்ரே வாங்கிய இத்தாலிச் சைக்கிள்

இன்சூரன்ஸ் கம்பெனியில் முகத்துக்கு முன்னால் அவள் மேடம். முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே. அடிபட்டு வரும் வண்டிகளைப் பார்த்து, எந்த நசுங்கல் விபத்தில் வந்தது, எது நஷ்டஈட்டுக்காகச் சுத்தியலால் வந்தது என்று பிரித்து எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. மனுஷன் புளுகுவான், தகரம் புளுகாது என்பதுதான் அதில் அவள் கற்றது.

அந்தப் புத்தி ஆபீஸோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவள் கணவன் காலையில் பாட்டை முணுமுணுத்தபடி சட்டை போட்டால், "எதுக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்பாள். தன் முழங்கால் வலிக்குச் சைக்கிள் ஓட்டச் சொன்ன டாக்டரின் மச்சான் யாராவது சைக்கிள் கடை வைத்திருக்கிறானா என்று விசாரித்துவிட்டுத்தான் அந்த யோசனையையே ஏற்றாள்.

விளம்பரத்தில் பார்த்த சைக்கிள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. கீழே கடை, மேலே வீடு, நடுவில் படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ரேஸ் சைக்கிள். எஃகுச் சட்டம், நீலப் பெயின்ட், வளைந்த ஹேண்டில். குழாய்கள் சேரும் இடமெல்லாம் இலை நுனி மாதிரி செதுக்கிய மூட்டுகள்.

கூடவே வந்த கணவன், "அடேயப்பா!" என்றான். அவள் அவன் காலை மிதித்தாள். விற்கிறவன் முன்னால் வாயைப் பிளக்கலாமா?

பையிலிருந்து நூலை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சட்டம் கோணலா என்று அளந்தாள். சிறிய காந்தத்தைக் குழாய் குழாயாக வைத்துப் பார்த்தாள். நசுங்கலை மறைக்கப் பெயின்ட்டுக்கு அடியில் மாவு பூசியிருந்தால் காந்தம் பிடிக்காது. எல்லா இடத்திலும் பிடித்தது. முன்பக்கம் அடிக்குழாயில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது என்ன?"

"பிரேக் கேபிள் உரசுற இடம். எடுத்தீங்கன்னா பெயின்ட் உரிஞ்சு வந்துடும்."

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். உள்ளே திரும்பும்போது இடது பக்கமிருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டார். பணத்தை நீட்டியபோது கையைக் கவனிக்காமல் நின்றுவிட்டு, திடுக்கிட்டு வாங்கினார். கள்ள முழி என்று அவள் மனதுக்குள் எழுதிக்கொண்டாள். டேப்பைப் பிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் அந்த இலை மூட்டுகளை விரலால் தடவிப் பார்த்தபின் சைக்கிளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் இரண்டு மடங்காகத் திரும்பியது. திருட்டுச் சைக்கிளோ? உள்ளூர்ச் சட்டத்துக்கு இத்தாலிய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பானோ? சந்துமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோகுமுன், அவன் நல்ல பாகங்களை மாற்றிவிடாதபடி ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் ரகசியமாக ஒரு புள்ளி வைத்தாள். பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெடல் அச்சின் வலப்பக்க மூடியைக் கழற்ற மெக்கானிக் திணறினான். தோள் நரம்பு புடைத்ததே தவிர மூடி அசையவில்லை. கடைசியில் ஸ்பேனரை மறுபக்கம் திருப்பினான். சிணுங்கிக்கொண்டே கழன்றது.

"மேடம், நம்ம பக்கத்து சைக்கிள்ல வலது மூடி தலைகீழா கழலும். இத்தாலிக்காரன்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மரை வெட்டுவான். சந்தேகமே வேண்டாம், அசல் சரக்கு." பிறகு தலையைச் சொறிந்தான். "ஒண்ணுதான் புரியலை. எல்லா பார்ட்ஸ்லயும் ரோஸ் கலர்ல ஒரு புள்ளி இருக்கே, அதுவும் இத்தாலிக்காரன் வெச்சதா?"

அவள் கூரையைப் பார்த்தாள்.

அடுத்து அவன் கறுப்பு டேப்பை உரித்தான். அவள் காந்தத்தை வைத்தாள். அது பிடிக்காமல் தரையில் விழுந்தது. உப்புத்தாளால் தேய்த்தபோது நீலம் போய், வெள்ளை மாவு உதிர்ந்து, அடியில் குழாய் இரண்டு மடிப்பாகச் சுருங்கியிருந்தது தெரிந்தது.

"நேரா போய் எதுலயோ மோதியிருக்கு. இந்தக் குழாய் அவ்வளவுதான். இப்படியே ஓட்டினா ஒருநாள் ரோட்டுல ரெண்டா பிரியும்."

எதன் மேல் மோதியது? யார் மேல்? அன்று முழுவதும் அவள் ஆபீஸில் ஒரு கோப்பையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஆளை அடித்துப் போட்டுவிட்டு, பெயின்ட் அடித்து மறைத்து, தடயத்தை என் தலையில் கட்டிவிட்டான் என்று கணவனிடம் பொரிந்தாள்.

"நீ சைக்கிள் வாங்கினியா, கேஸ் வாங்கினியா?" என்றான் அவன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். உரித்த டேப்பை மேசைமேல், அவருக்கு இடது பக்கமாக வைத்தாள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"எதுக்கு?" என்றார் அவர், அவளையே பார்த்தபடி.

"இதோ, இதுக்குத்தான்."

"எதைங்க? குடுங்க, பார்க்கறேன்."

நடிக்கிறான் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவளுக்குள் என்னவோ தட்டியது. சத்தமில்லாமல் கையை அவருடைய இடது காதுக்கு நேராக உயர்த்தி விரல்களை ஆட்டினாள். அவர் கண் அசையவில்லை. ஸ்டூலில் இடித்தது, நீட்டிய பணத்தைப் பார்க்காதது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. சட்டத்தின் கோணலை நூல் பிடித்து அளந்தவள், எதிரே நின்ற ஆளைக் கோட்டைவிட்டிருந்தாள்.

"சார், உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலையா?"

அவர் எழுந்து கடைக் கதவைச் சாத்தினார்.

"நின்னுட்டிருந்த வேன்ல மோதினேன். என்னைப் பொறுத்தவரைக்கும் அங்க வேனே இல்லைங்க. வந்து நானே டெஸ்ட் பண்ணிக்கிட்டேன், கருவிதான் கடையிலயே இருக்கே. கண் நரம்பு வாடிட்டு வருது. நேரா பார்க்கிறது நல்லாத் தெரியும். ஓரம்தான் இல்லை." தண்ணீர் குடித்தார். "கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் தெரியலைன்னா எவன் உள்ள வருவான்? அதான் பெயின்ட் அடிச்சேன். உங்க பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"பணம் வேண்டாம்." வாங்கினால் அது வாய்ப்பூட்டு என்று அவளுக்குத் தெரியும். "வெளியில கார் நிக்குதே, அதை யார் ஓட்டறது?"

"மகள் வீட்டுக்கு மட்டும்தான். வாரத்துல ஒருநாள். மெதுவாத்தான் போவேன்."

"பக்கத்துல யார் உட்காருவாங்க?"

"வீட்ல."

"உங்களுக்கு எந்தப் பக்கம்?"

அவர் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நான் வந்து சொல்வேன்," என்றாள் எக்ஸ்ரே.

ஞாயிறு போனது. திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது; காரையும் காணோம். தப்பித்துவிட்டான் என்று அவளுடைய பழைய புத்தி சொன்னது. வாரம் பிறந்தும் சொல்லாமல், அந்த அம்மாவை இடது பக்கம் உட்காரவைத்து எங்காவது ஓட்டிக்கொண்டு போகிறானோ என்ற நினைப்பும் கூடவே வந்தது.

செவ்வாய் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. வெளியே பருமனான ஓர் அம்மாள், கைப்பையை மார்போடு அணைத்தபடி.

"கண்ணாடிக் கடைக்காரர் சம்சாரம் நான். சைக்கிள் ரசீதுல உங்க விலாசம் இருந்துது. எங்க வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் எவ்வளவு நாளா பழக்கம்?"

டீத் தட்டோடு வந்த கணவன் அப்படியே நின்றான்.

"பழக்கமா? ரெண்டே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்," என்றாள் எக்ஸ்ரே. பிறந்ததிலிருந்து அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது எப்படிச் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முப்பத்தொரு வருஷமா கூடவே இருக்கேன். எனக்குத் தெரியாதது ரெண்டு தடவை பார்த்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவர் உங்ககிட்ட மட்டும் ஏன் சொல்லணும்?"

"அவர் சொல்லலைம்மா. நான் கண்டுபிடிச்சேன். என் பொழைப்பே அதுதான்."

டேப், மாவு, மடிந்த குழாய், ஆட்டிய விரல்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். அந்த அம்மாள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பிடும்போது இடது பக்கம் வெச்ச தண்ணியைத் தட்டி விட்டுடுவார். கவனம் எங்க இருக்குன்னு கத்துவேன். தினமும் கத்துவேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் சொன்னார். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் வந்து காரை ஓட்டினா. போனது போனதுதானாம். மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம்னாங்க."

கணவன் டீயை அவர் கையில் கொடுத்தான். ஆறியிருந்தது. அவர் அதைக் குடித்து முடித்துவிட்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார். எக்ஸ்ரே அதை எதிர்பார்க்கவும் இல்லை.

சைக்கிள் தேற ஐந்து வாரம் ஆனது. மெக்கானிக் கைகாட்டிய பற்றவைப்பவர், மூட்டுகளைச் சூடாக்கி மடிந்த குழாயை உருவி எடுத்தார். அதே கனத்தில் வேறு எஃகுக் குழாயைச் செருகி, பித்தளை உருக்கிப் பிடிக்கவைத்தார். ஐந்து வாரமும் அவள் நூலும் கையுமாக அங்கே போய் நின்றாள். கடைசி வாரம் பற்றவைப்பவர் அவள் கேட்குமுன்னே நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நீலம் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "புதுக் குழாய்க்கு வேண்டாம். வெறும் வார்னிஷ் போதும். பார்க்கிறவங்களுக்குத் தெரியட்டும்," என்றாள்.

முதல் நாள் ஓட்டும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து உள்ளங்கை சிவந்தது. இரண்டாம் வாரம் ஆபீஸுக்கே அதில் போனாள். முழங்கால் வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது சைக்கிள் தானே முன்னால் தாவுகிற மாதிரி இருந்தது. அதில் சூது எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, சிக்னலில் நின்றபோது பின்னால் ஹாரன் விடாமல் கத்தியது. திரும்பினாள். கண்ணாடிக் கடைக்காரரின் கார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த அம்மாள். பக்கத்தில் அவர், நேரே ரோட்டைப் பார்த்தபடி, "பிரேக், பிரேக்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "தள்ளிப் போங்க! எனக்கு இன்னும் சரியா வராது!"

எக்ஸ்ரே ஒரு கேள்வியும் கேட்காமல், சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வைத்துக்கொண்டாள்.