துரையிடம் சொல்லியிருக்க வேண்டியது

டியூஷன் வாத்தியாராக இருந்து தொண்டைத் தண்ணீர் வற்றினவர்களே, உங்களுக்குத் தெரியாததா: மாணவன் தேறினால் அவன் கெட்டிக்காரன், மாட்டிக்கொண்டால் வாத்தியார் சரியில்லை.

அத்தாவின் பாலக்காட்டு ஜவுளிக்கடையில் உட்காரப் பிடிக்காமல் நான் மூணாறுக்கு மலை ஏறியது ஐம்பதுகளில். எஸ்டேட் ஸ்டாஃப் நாலைந்து பேருக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். அங்கே ஒரு சட்டம். வெள்ளைக்கார மேனேஜர் துரை தேயிலைக் காட்டுக்குள் தமிழ் பேசுவார். ஆபீஸ் படி ஏறிவிட்டால் இங்கிலீஷ்தான், பதிலும் அதிலேதான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம்தான் எனக்குச் சோறு போட்டது.

துரையைச் சொல்லலாமா?

அன்றைக்கு ‘ஷுட் ஹேவ்’ பாடம். செய்திருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை என்று அர்த்தம். ‘துரை நேற்றே வந்திருக்க வேண்டும்’ என்பதை இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றேன். மீனாட்சிபுரத்துக்காரரான ஸ்டோர்கீப்பர் பழனிச்சாமி எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரய்யா, துரைக்கே குத்தஞ் சொல்றதுக்குங்களா நாங்க இங்கிலீஷ் படிக்க வந்தோம்?”

யானை கொடுத்த வீட்டுப்பாடம்

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசர் சாமுவேலும் என்னிடம் படித்தவர்தான். திருநெல்வேலிப் பூர்வீகம், பரம சாது. ஒருநாள் காட்டுக்குள் யானை வந்து நிற்கவும், போட்டது போட்டபடி பெண்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடிவந்துவிட்டார். பறித்த கொழுந்தெல்லாம் அங்கேயே கிடந்து கறுத்துப்போனது. மறுநாள் ஆபீசில் விசாரணை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். அவர் சம்சாரத்துக்கோ நிறைமாசம்.

‘கொழுந்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும்தான், ஆனால் யானை பெண்களைக் கொன்றிருக்கும்.’ அன்று ராத்திரியே இதை இங்கிலீஷாக்கிக் கொடுத்து, விடாமல் உருப்போட வைத்தேன். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“மொதப் பாதி நல்லா நிக்கி சார், யானைதான் நிக்க மாட்டேங்கு!”

யானை வராத ஆபீஸ்

நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே சாமுவேல் ‘ஐ ஷுட் ஹேவ்’ என்று ஆரம்பித்தார். துரை முன்னால் தப்பை ஒத்துக்கொண்டே பழகிய வாய், முதல் பாதி கணீரென்று வந்தது. கொழுந்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அவ்வளவுதான், யானை வரவில்லை. திரும்பவும் அதே முதல் பாதி! துரை உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்தார். அல்லாவே, ஆளை நானே காலி பண்ணிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சாமுவேல் சட்டென்று தமிழுக்குத் தாவினார். “தொரை, யானை மறிச்சு நின்னுச்சு. கொழுந்து நாளைக்கும் முளைக்கும். அந்தப் பொம்பளைங்க செத்திருந்தா திரும்ப முளைப்பாங்களா?”

ஆபீசுக்குள் தமிழ்! குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை பேனாவை மூடினார். பிறகு அவரும் தமிழில்தான் பேசினார்.

“இதெ மொதல்லயே சொல்லியிருக்கலாமே, சாமுவேல்! போ, வேலையெ பாரு.”

வெளியே வந்த சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாடா என்று எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து ஆபீசிலும் தமிழ் பேசலாம் என்று ஆகிவிட்டது. நான் இங்கிலீஷில் மாரடித்த பாடத்தைத் துரை ஒரே வரித் தமிழில் நடத்தி முடித்ததில், சாமுவேலுக்கு வீடு தங்கியது, எனக்குத்தான் வகுப்பு தங்கவில்லை.