ராகு காலத்துக்கு முன்னால் போன சோறு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் அப்போதுதான் கட்டி முடித்திருந்த கார் உதிரிபாகத் தொழிற்சாலை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு கேட் திறக்கும், முதல் நாளே தாமதமாக வந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "திங்கக்கெழம ஏழரைக்கா? சுத்தமான ராவு காலம்டா! ஒம்போதுக்கு மேல போ."

"ஒம்போதுக்குப் போனா கேட்டுக்கு வெளியவே நின்னுகினு இருக்கலாம்க்கா."

அப்பா நடுவில் புகுந்தார். "அவங்க ஊர்ல ராவு காலமே கெடையாது. அதான் அவங்க கார் செய்றாங்க, நாம வேடிக்க பாத்துக்கினு கீறோம்." உலக விஷயங்களில் எங்கள் வீட்டில் அப்பா சொல்வதுதான் முடிவு. நான் அப்படியே நம்பினேன்.

அம்மா மட்டும் மசியவில்லை. அதனால் மாமா ஒரு தந்திரம் செய்தார். ஏழு மணிக்கே போய், கேட் கம்பி வழியாகத் தன் சோற்று டப்பாவை வாட்ச்மேனிடம் நீட்டினார். நல்ல நேரத்தில் சோறு உள்ளே போய்விட்டால் ஆளும் போன மாதிரிதானாம். அம்மாவிடம் சாட்சி சொல்ல நானும் கூடப் போயிருந்தேன்.

டப்பா கை மாறும்போது வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வந்து நின்றார். வாட்ச்மேன் கடிகாரத்தைக் காட்டி, கையைப் பாம்பு மாதிரி வளைத்து என்னென்னவோ விளக்கினார்.  வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு மாமாவையும் உள்ளே அழைத்துப் போனார். நான் கேட் கம்பி வழியாகப் பார்த்தேன், எதிரே கொட்டகையில் புதிய இயந்திரம். அதன் முன்னால் ஒரு மேசை. மேசையில் பழங்கள், நடுவில் அவித்த பன்றித் தலை! சோற்று டப்பாவை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இயந்திரம் நன்றாக ஓட வேண்டுமென்று அவர்கள் ஊர் வழக்கப்படி அதிகாரிகள் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். சாயங்காலம் மாமா வந்ததும் அப்பா கேட்டார், "அவனுங்களும் நம்மள மாதிரிதானா? அப்பறம் எப்டிடா முன்னேறினானுங்க?"

"தெர்ல மச்சான். கும்பிட்டுட்டு சுவிட்சப் போட்டா மெஷின் ஓடல."

"ராவு காலத்துல போட்டா எப்டி ஓடும்?" என்றாள் அம்மா.

"அந்த ஆபீசரு இன்னா பண்ணாரு தெரியுமாக்கா? வெள்ளச் சட்டையோட மெஷினுக்கு அடியில மல்லாந்து படுத்துட்டாரு. பக்கத்துல என்னியும் படுக்க வெச்சி, ஒவ்வொன்னா கழட்டிக் காட்னாரு. மத்தியானம்தான் ஓடிச்சி. எழுந்தா ரெண்டு பேர் மூஞ்சியும் கிரீஸு!"

"ஆபீசரா கீற ஆளுக்கு ஏன்டா இந்தப் பொழப்பு? வேலைக்கு ஆளா கெடைக்கல?" என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

பின்னாளில் அந்த இயந்திரம் எப்போது நின்றாலும் மாமாவைத்தான் தேடி வந்தார்கள். ஆனால் அன்று ராத்திரி அப்பா, அந்த வெளிநாட்டுக்காரர்கள் எப்படித்தான் முன்னேறினார்களோ என்று சாப்பிட்டுக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டார். எதிரில் மாமா, எத்தனை தேய்த்தும் கறுப்புப் போகாத விரல்களால் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அந்த விரல்களைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.