மாமா இடுப்பில் இருந்த இரண்டு இஞ்ச்

கைத்துப்பாக்கியின் குழல் எத்தனை இஞ்ச் இருந்தால் அதை ‘ஸ்னப் நோஸ்’ என்று சொல்லலாம் என்பது எனக்கு நாலாம் வகுப்பிலேயே தெரியும். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இரண்டுக்கும் பொறுப்பு என் மாமாதான். கணக்குப் போடச் சொல்லி அம்மா என்னை உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால், மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து துப்பாக்கிப் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்.

அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி அவர். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். பட்டாளத்தில் சேர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆள் எடுக்கும் இடத்தில் நெஞ்சளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச காலம் மில்லுக்குப் போனார், கொஞ்ச காலம் வேன் ஓட்டினார், எதிலும் மனசு ஒட்டவில்லை. கடைசியில் ஊரில் நிலம் வாங்கி விற்கும் ஒரு முதலாளிக்கு கன்மேனாகச் சேர்ந்தார். முதலாளி வாங்குகிற நிலமெல்லாம் வில்லங்க நிலம். அதனால் அவருக்கு விரோதிகளுக்குக் குறைவே இல்லை. மலையடிவாரத்தில் கூமாப்பட்டி வரைக்கும் அவரைத் திட்டாத தோப்புக்காரர் இல்லை என்று அப்பா சொல்வார். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழாது. தம்பிக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது, அதுவும் துப்பாக்கி உத்தியோகம். தெருவில் நடக்கும்போது அம்மாவின் நடையே மாறிவிட்டது.

மாமா சஃபாரி சட்டையை வெளியே விட்டிருப்பார். வலது இடுப்பில் லேசாக ஒரு புடைப்பு தெரியும். நாங்கள் பார்த்ததெல்லாம் அந்தப் புடைப்பைத்தான். வெளியே எடுத்துக் காட்டச் சொன்னால், சட்டப்படி பெண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எடுக்கக்கூடாது என்பார். எந்தச் சட்டம் என்று யாரும் கேட்கவில்லை. காட்டாத குறைக்கு வாயாலேயே அதைப் பற்றி அம்புட்டும் சொல்லித் தருவார். என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக் காட்டுவார். குண்டு போடுகிற உருளையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. உருளைக்கு முன்பக்கத்திலிருந்து முனை வரைக்கும்தான் அளக்க வேண்டும்.

“ரெண்டு இஞ்ச் இருந்தா சுத்தமான ஸ்னப் நோஸ். மூணு வரைக்கும் ஒத்துக்கிடுவாக. நாலு ஆயிட்டா அது வேற சாதி, தாயி” என்பார். எதற்காக அப்படிக் குட்டையாகச் செய்கிறார்கள் என்று கேட்டேன். தூரத்தில் சுட அது ஆகாது, கிட்டத்தில் நிற்கிறவனுக்குத்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சட்டைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதுதான் அதன் மகிமை என்றார். ஸ்னப் நோஸ் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்க, சப்பை மூக்கு என்று நான் கத்திச் சொன்னேன். துப்பாக்கி எதுக்குலே, உங்க மச்சான் மூக்கைப் படம் போட்டாப் போதுமே என்று அம்மா மாமாவிடம் சொன்னதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

அந்த வருஷத் தீபாவளிக்கு, கன்மேன் வேலையில் சேருவதற்கு முன்னால், மாமா எனக்கு ஒரு கேப்புத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் இல்லை, தகரமும் இரும்புமாகச் செய்தது. நீளக் குழல், சிவப்புக் கைப்பிடி. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குச் சுருள் கேப்புக்குப் பஞ்சமே இல்லை. கார்த்திகை முடிந்தும் நான் சுட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் துப்பாக்கியைக் காணோம். வீடு பூராவும் தேடியாயிற்று. பக்கத்து வீட்டுப் பையன்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவன் முழி அப்படி. கேட்டேன், இல்லை என்றான். சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் இரண்டு தெறித்தது. அவன் அம்மா வந்து எங்கள் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், அன்றைக்கு எனக்கு முதுகில் நல்ல பூசை விழுந்தது.

துப்பாக்கி கிடைத்தது வேறு ஒரு நாளில். மாமா வெயிலில் அலைந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து, உடுப்பைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். கட்டிலில் பெல்ட்டோடு சேர்ந்து தோல் உறை கிடந்தது. எத்தனை நாள் ஆசை! உறையின் பொத்தானைத் திறந்து உருவினேன். கருப்பாக இருந்தது. ஆனால் கையில் எடுத்ததுமே அந்தக் கனம் எனக்குத் தெரிந்த கனம். கைப்பிடியில் பூசியிருந்த கருப்பு பெயின்ட் ஓரத்தில் உரிந்து, சிவப்பு எட்டிப் பார்த்தது. நான் பல்லால் கடித்த தடம்கூட அப்படியே இருந்தது. நீளக் குழலை மட்டும் ஆக்ஸா பிளேடு வைத்து அறுத்திருந்தார்கள். ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தேன். சரியாக இரண்டு இஞ்ச். மாமா அளவில் மட்டும் பொய் சொல்லியிருக்கவில்லை.

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட மாமா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் முந்திக்கொண்டது. என் துப்பாக்கி! அதற்காக நான் அடி வாங்கினேன்! மாமா கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. முதலாளி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம், இன்னும் வரவில்லையாம். வரும்வரைக்கும் இடுப்பில் எதையாவது வைத்துக்கொள், யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். நீளக் குழல் சட்டைக்குக் கீழே எட்டிப் பார்த்ததால் அறுக்கவேண்டியதாகிவிட்டதாம்.

“யார்ட்டயும் சொல்லிராத தாயி. சொன்னா இந்த வேலையும் போயிரும்” என்றார்.

பிறகு பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த மிச்சக் குழலை எடுத்து என் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிப் போட அவருக்கும் மனசு வரவில்லை போல. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றேன். பெரியவர்கள் ரகசியத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது. அந்தப் பெருமையில் அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. குழல் துண்டு அன்றிலிருந்து என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் குடியிருந்தது.

தை பிறந்ததும் மாமாவுக்குப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மடவார் வளாகத்தில், கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. நிலையான வேலை இல்லாதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். இந்த இடமும் கைவிட்டுப் போனால் இனிமேல் நான் யார் வாசலுக்கும் போய் நிற்கமாட்டேன் என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேசரி வந்தது, வடை வந்தது, பெண் வந்து காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஒல்லியாக, கருப்பாக, லட்சணமாக இருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் பெண்ணின் அண்ணன் நாற்காலியை மாமா பக்கம் இழுத்துப் போட்டார். அவர் பேங்க் பண வண்டிக்குக் காவலாகப் போகிறவர், இரட்டைக் குழல் துப்பாக்கி பிடிக்கிறவர். தன்னுடையது கை நீளம் இருக்கும், உங்களுடையது எப்படி என்று கேட்டார். மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு இஞ்ச், மூன்று இஞ்ச், உருளைக்கு முன்னாலிருந்து அளப்பது என்று மடமடவென்று சொன்னார். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எடுங்க, ஒரு தடவ பாத்துக்கிடுதேன் என்று கையை நீட்டினார்.

மாமா வழக்கமான சட்டத்தைச் சொன்னார். அண்ணன் சிரித்தார், ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. மாமாவின் காதோரத்தில் வேர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாததால், அவர் பாட்டுக்கு, காட்டேன்லே, நம்ம ஆட்கதான என்று எடுத்துக் கொடுத்தார். அண்ணன் என்ன நினைத்தாரோ, என் பக்கம் குனிந்தார்.

“நீ பாத்திருக்கியா பாப்பா, உங்க மாமா துப்பாக்கிய?”

என் பாவாடைப் பையில் அந்தக் குழல் துண்டு இருந்தது. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிக் காட்டத்தான் எடுத்து வந்திருந்தேன். பைக்குள் கையை விட்டு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வெளியே எடுத்தால் போதும், அத்தனையும் முடிந்துவிடும். மாமா என்னைப் பார்க்கவே இல்லை, வாசலில் கழற்றிப் போட்ட தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்திருக்கேன். எம்புட்டுக் கனம் தெரியுமா? என்னால ஒத்தக் கையால தூக்க முடியல” என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் கையை மடக்கிக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினார். சின்னப் பிள்ளை பொய்யா சொல்லும் என்று பெண்ணின் அப்பா டம்ளரை மறுபடியும் எடுத்தார். அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் மாமா எனக்குப் பால்கோவா வாங்கி வந்து, என் தலையில் கையை வைத்தார். நான் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி பால்கோவாவைத் தின்றுகொண்டு வந்தேன்.

கல்யாணம் நடந்தது. மடவார் வளாகத்துப் பெண் எனக்கு அத்தையானார். லைசென்ஸ் மட்டும் வரவே இல்லை. முதலாளி எழுதிப் போட்டாரா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். மறு வருஷம் மாங்காய் சீசனில் அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஒரு தோப்பைப் பார்க்க முதலாளி காலையில் கிளம்பினார். மாமாவும் கூடப் போனார். தோப்பு வாசலில் காரை விட்டு இறங்கினதும் நாலைந்து பேர் அரிவாளோடு வந்தார்கள். முதலாளி மரங்களுக்குள் புகுந்து ஓடித் தப்பித்துவிட்டார். மாமா ஓடவில்லை. பழக்கதோஷமோ என்னவோ, கையை இடுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறார். முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. தோப்பு வாசலில் கண்டெடுத்த என் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கைக்குக் கை மாற்றிப் பார்த்துச் சிரித்தார்களாம். தெருவும் சிரித்தது. பொத்தான் தெறித்த பையனின் அம்மா, எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு போனார். முதலாளி ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தார், அப்புறம் எங்கள் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. பிடிபட்டவர்களில் வயதில் சின்னவன் சொன்னதை மட்டும் ஒரு போலீஸ்காரர் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவனுக்கு மாமாமேல் ஒரு விரோதமும் கிடையாதாம்.

“இடுப்புல துப்பாக்கி இருக்குன்னுதான் மொதல்ல அவர வெட்டுனோம், இல்லைன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிருப்போம்னு சொல்லுதான்” என்றார்.

நான் கதவோரம் நின்று கேட்டேன். எனக்கு அது புரியவில்லை. அதுதான் பொம்மையாயிற்றே, அவர்களை அது என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

இந்தத் தீபாவளிக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை இப்போது சத்திரப்பட்டிக்குப் பேண்டேஜ் துணிக் கம்பெனி வேலைக்குப் போகிறார். வந்து மாமாவுக்குச் சோற்றைப் பிசைந்து வைக்கிறார். என் மகள் கேப்புத் துப்பாக்கி கேட்டாள். கூடவே கூடாது என்றேன். நான் கண் அசந்த நேரத்தில் மாமா கடைக்குப் போய் இடது கையால் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டார். நான் எட்டிப் பார்க்கும்போது, இது நாலு இஞ்ச் இருக்கும், ஸ்னப் நோஸ்ல சேராது தாயி என்று அவளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் பைக்குள் என்ன இருந்தது, நான் ஏன் கனம் என்று சொன்னேன், அன்றைக்கு அதை வெளியே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், எல்லாம். கல்யாணம் நின்றிருக்கும், வேலையும் போயிருக்கும், கை இருந்திருக்கும்.

அத்தை அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் தெரியும் தாயி. கல்யாணமான மறுவாரமே உடுப்பத் துவைக்க எடுக்கும்போது பாத்துட்டேன். பொம்மைன்னு தெரிஞ்சதும் எம்புட்டு நிம்மதி தெரியுமா? அப்பாடா, நம்ம வீட்டுல நெசத் துப்பாக்கி இல்ல, அவியளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். சாமிக்குத் தேங்காகூட ஒடச்சேன்.”

வெளியே படபடவென்று கேப்பு வெடித்தது. மகள் சிரித்தாள், மாமாவும் சிரித்தார். அந்தப் பொம்மையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நம்பிக்கையாக வாயைப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை நிஜம் என்று நம்புகிறவன் கையில் இருக்கிற அரிவாள் நிஜமாக இருக்கும் என்பது, ஒன்பது வயதில் எனக்கும் தோன்றவில்லை, இருபத்து மூன்று வயதில் அத்தைக்கும் தோன்றவில்லை.