இடது பட்டன்

'தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதி என்பவர் உரிய பயிற்சி பெற்று, பணியிட அபாயங்களைக் கண்டறிந்து, அச்சமின்றி நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவருபவர்.' அரசின் விதி அப்படிச் சொல்கிறது.

டப்பா மூடி அடிக்கும் பட்டறையில் அந்தப் பதவி, எல்லோரும் கையெழுத்தக்கா என்று கூப்பிடும் தொழிலாளியுடையது. பயிற்சி என்பது தலைக்கவசத்தோடு ஒரு போட்டோ. எடுத்ததும் கவசத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவள் கையெழுத்து கட்டத்துக்குள் அடங்கும். அபாயங்களை அவள் தேடிக் கண்டறியத் தேவையில்லை, உண்டாக்குவதே அவள்தான். இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் பிரஸ் மெஷின் இறங்கும். கை உள்ளே போகாதிருக்க அந்த ஏற்பாடு. இடது பட்டனை டேப்பால் ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், வேலை வேகம். சூப்பர்வைசர் சொன்னபடி தினமும் காலையில் ஒட்டுவாள். ஆய்வாளர் வரும் நாளில் பிரிப்பாள். அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார், மரியாதை தெரிந்த மனிதர்.

செவ்வாய்க்கிழமை அந்த மெஷினில் அங்கேயே வேலை பார்த்த அவளுடைய ஓரகத்தியின் இரண்டு விரல்கள் போயின. அக்கா மெஷினை நிறுத்தினாள், துணி சுற்றினாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தாள், திரும்பி வந்து மிச்ச மூடிகளை அடித்து முடித்தாள். அழுகை வரவில்லை. வருமா என்று சற்றுக் காத்துப் பார்த்தாள்.

மறுநாள் சூப்பர்வைசர் படிவத்தை நீட்டினார். 'வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது' என்று இருந்தது.

"போடுங்கக்கா."

"எங்க வீட்டுக்குள்ள கதவே இல்ல சார். துணிதான் தொங்குது."

"அப்ப ஜன்னல்னு மாத்திக்கலாம்."

"இப்படிப் போட்டா அவளுக்கு நஷ்டஈடு?"

"வீட்ல நசுங்குனதுக்கு கவர்மெண்ட்டு எப்படிக்கா வாங்கிக் குடுக்கும்? இங்க நடந்ததுன்னா விசாரணை வரும். டேப் ஒட்டுனது யாருன்னு கேப்பாங்க. உங்க வேலைதான் முதல்ல போகும்." சொல்லும்போது அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

மாலையில் ஆஸ்பத்திரியில் ஓரகத்தியும் அதையே சொன்னாள்.

"போட்டுருங்கக்கா. வீட்ல ஒருத்தராவது வேலைக்குப் போகணும்ல? எனக்குத்தான் இன்னும் எட்டு இருக்கே."

"எட்ட வெச்சு என்னடி பண்ணுவ?"

"உங்க மண்டையில கொட்டுறதுக்கு அது போதும்."

இருவரும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை அக்கா படிவத்தில் கதவைப் பற்றிய வரியைக் கோடு போட்டு அடித்தாள். விபத்து பிரஸ் மெஷினில் நடந்தது, இடது பட்டனை ஒட்டியது நான், ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர் என்று எழுதி, தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தாள்.