ஓனருக்கு ஒரு போன்

"இது உங்க கையெழுத்துதானே?"

கோர்ட்டில் வக்கீலம்மா என் ரிப்போர்ட்டை என்னிடமே நீட்டினார். என்னுடையதுதான். முத்தியால்பேட்டையில் இரும்புக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் பட்டறையின் கழிவுநீரில், தண்ணீரை மஞ்சளாக்கும் நச்சான குரோமியம் அளவோடுதான் இருக்கிறது என்று சொல்லும் காகிதம். புதுச்சேரியில் அரசாங்க லேப் ஒன்றில் கழிவுநீர் ஸாம்பிள் எடுக்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான்.

வழக்குப் போட்டவர் பட்டறைக்குப் பின்வீட்டு ஜுலைகா. தையல்காரர். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மகள் கையெல்லாம் புண். சுத்தமான தண்ணீர் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று ஜட்ஜும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த மஞ்சள் பட்டறையிலிருந்து வந்தது என்பதற்கு ருசு வேண்டுமே! அதற்குக் குறுக்கே என் ரிப்போர்ட் நின்றது.

ஸாம்பிள் எடுத்ததும் பாட்டிலை அங்கேயே சீல் வைத்து, லேபிளில் ஓனர் கையெழுத்து வாங்க வேண்டும். ஓனர் இல்லாவிட்டால் அன்றைய நடை வீண். அதனால் முதல் நாளே போன் பண்ணிவிடுவது எங்கள் வழக்கம். சீனியர்கள் அப்படித்தான் பழக்கினார்கள். லஞ்சம் கிஞ்சம் ஒன்றும் கிடையாது. அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டுக்கு ஸாம்பிள் எடுக்க நான் போனபோது பட்டறைக் கால்வாயில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. ஓனர் டீ வாங்கிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். ஜுலைகா மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் பூரா கழுவி வுட்டாங்க சார். நீங்க வர்றது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றேன். பச்சைப் பொய்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. ஜுலைகாவின் வக்கீலம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஸாம்பிளுக்குப் போறத முன்னாடியே யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

எங்கள் ஆபீசர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஜுலைகாவின் மகள் துப்பட்டாவுக்குள் கைகளை மறைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை.

"சொன்னேங்க. நான்தான் ஓனருக்கு போன் பண்ணேன்."

ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். யாருக்கும் சொல்லாமல் போய் மறுபடி ஸாம்பிள் எடுக்கச் சொல்லி ஜட்ஜ் உத்தரவு போட்டார். இந்தத் தடவை குரோமியம் எகிறியிருந்தது. பட்டறைக்குப் பூட்டு விழுந்தது.

கொஞ்சம் பெருமையோடுதான் கிணற்று ஸாம்பிள் எடுக்க ஜுலைகா வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு வாளி இறைத்துக் காட்டினார். முன்பைவிட மஞ்சள்.

"கேஸ் ஜெயிச்சுட்டோம். தண்ணி எப்ப சார் நல்லா ஆவும்?"

"மண்ணுல எறங்கினது லேசுல போவாதும்மா. எத்தினி வருசம்னு எனக்கே தெரியல."

"மதில்கிட்ட நான் கேட்டேனே சார், அன்னிக்கே சொல்லியிருந்தா?"

வெட்கமாக இருந்தது. அந்த ஒன்றரை வருஷமும் பட்டறை ஓடியது, கழிவு இறங்கியது. என் ரிப்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டினார்கள்.

இப்போது லேபில் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: போன் பண்ணாதீர்கள். ஓனர் இல்லையென்றால் வாசலிலேயே காத்திருங்கள். அன்று எனக்கு ஒரு நடை மிச்சமானது. ஜுலைகாவின் மகள் இன்னும் தெருக்குழாய்க்குக் குடத்தோடு நடக்கிறாள்.