மிக்ஸி மூச்சு வாங்காது

என் ஓரகத்திக்குச் சிறு வயதிலிருந்தே காது கேட்காது. பிரசவம் முடிந்து, மாகறலில் இருக்கும் தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு மானாம்பதிக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு காவல் தொடங்கியது. மாமியார் கழனிக்குப் போனால் நான் வீட்டில் இருப்பேன். நான் கடைக்குப் போனால் அவர் இருப்பார். தூளியில் குழந்தை அழுதால் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள்.

ஒருநாள் நான் குழந்தையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்த்த கையோடு வந்து நின்றவள், குழந்தையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். என் பிள்ளை, நான் தூக்க வேண்டும் என்று அர்த்தம். குழந்தையை அவளிடம் நீட்டினேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம் எனக்கு உண்டு. உர மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மூலையை மேசை போட்டுப் பிடித்து வைத்திருக்கிறேன். அன்றே அங்கே உட்கார்ந்தேன். தூளி மாட்டிய உத்தரத்தில் ஒரு மைக், அதோடு வைஃபை உள்ள குட்டி போர்டு. அவள் கைக்கு இன்னொரு போர்டு, உடைந்த செல்போனிலிருந்து பிடுங்கிய அதிர்வு மோட்டார், பழைய வாட்ச் பட்டை. குழந்தை அழுதால் மணிக்கட்டு அதிர வேண்டும்.

அதிர்ந்தது. மாமியார் மிக்ஸியில் சட்னி அரைத்தபோது அதிர்ந்தது. குக்கர் விசிலுக்கு அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஓடிவந்து, தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பட்டையைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டாள்.

"இன்னாமா இது? கொயந்த நிம்மதியா தூங்கிக்கினு கீது, இவ ஓடிக்கினு கீறா. ஒரே பேஜாரு!" என்றார் மாமியார்.

"சரி பண்ணிடுறேன் அத்தே."

"இன்னாத்த சரி பண்ணுவே? மிக்ஸிக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத மிசினு."

சுருக்கென்றது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? குழந்தையின் அழுகையையும் மிக்ஸியின் இரைச்சலையும் போனில் பதிந்து, லேப்டாப்பில் அலையாகப் பார்த்தேன். மிக்ஸி, சுவர் எழுப்பியதுபோல் ஒரே மட்டமாக நின்றது. அழுகையோ ஏறி, அறுந்து, மறுபடி ஏறியது. வீறிட்ட குழந்தை நடுவில் மூச்சு வாங்கித்தானே ஆக வேண்டும்! மிக்ஸி மூச்சு வாங்காது. ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் குக்கர் வாங்கும் மூச்சு மிக நீளம். சின்னச் சின்ன இடைவெளி விட்டுத் தொடரும் சத்தத்துக்கு மட்டும் அதிரும்படி புரோகிராமை மாற்றி எழுதினேன்.

பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி மட்டும் ஏமாற்றியது. அது அச்சு அசலாகப் பிள்ளை மாதிரியே கத்தியது. மைக்கைத் தூளிக்கு அருகே இறக்கி, அது கேட்கும் கூர்மையைக் குறைத்தேன். ஆடு தோற்றது.

ஓரகத்தியைக் கெஞ்சி, பட்டையைத் தண்ணீர் படாமல் பாலித்தீன் சுற்றி மறுபடி கட்டிவிட்டேன். தோட்டத்துப் பக்கம் துணி துவைக்கப் போனாள். நானும் மாமியாரும் முன்கட்டில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். குழந்தை சிணுங்கி, பிறகு வீறிட்டது. மாமியார் எழுந்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடும்மா, அயுவுது!"

"இருங்க அத்தே. கொஞ்சம் இருங்க."

பின்கதவு படாரென்று திறந்தது. முழங்கை வரை சோப்பு நுரையோடு ஓடிவந்து, புடவையில் கையைத் துடைத்து, குழந்தையை வாரி எடுத்தாள். அப்புறம்தான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும் எங்களைப் பார்த்தாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. பட்டை கட்டிய கையை உயரத் தூக்கி, குரலெடுத்து ஒரு கூவல் கூவினாள். அவள் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை.

"கெட்டிக்காரிங்கடி நீங்க ரெண்டு பேரும்," என்றார் மாமியார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை மாமியார் கையிலும் களைக்கொத்தை என் கையிலும் திணித்து, கழனிப் பக்கம் கைகாட்டினாள். மாமியார் களை எடுத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெயில் ஏறியதும் பார்ப்பதை மறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது குழந்தை குளித்துப் பவுடர் பூசித் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கால் நீட்டி உட்கார்ந்து, தட்டில் சோறு போட்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்திக் கையை விரித்தாள்: அதற்குள் ஏன் வந்துவிட்டீர்கள்?